எட்டாம் நம்பருக்கு பெல் கிடையாது!

தூங்குகிறவனை எழுப்பிவிடலாம், தூங்குகிற மாதிரி நடிக்கிறவனை எழுப்பவே முடியாது என்று பெரியவர்கள் சொல்லிவைத்திருக்கிறார்கள். மத்தியானம் மூன்று மணிக்கு ஆபீஸில் சுற்றுமுற்றும் பார்த்தால் இதன் மகிமை புரியும். ஆனால், கம்ப்யூட்டர் விஷயத்தில் இந்தப் பழமொழி அப்படியே தலைகீழ். நடிக்கிற கம்ப்யூட்டரைச் சுலபமாக எழுப்பிவிடலாம். நிஜமாகவே தூங்குகிற கம்ப்யூட்டரை எழுப்பத்தான் சாமர்த்தியம் வேண்டும். இந்த வாரம் அந்தச் சாமர்த்தியத்தைப் பற்றி.

கம்ப்யூட்டர் என்றதும் ஆபீஸ் மேஜை மேல் உட்கார்ந்திருக்கும் பெட்டியை நினைக்காதீர்கள். நான் சொல்வது உள்ளங்கை அகலத்தில், திரையும் கீபோர்டும் இல்லாமல், ஏதாவது ஒரு யந்திரத்தின் வயிற்றுக்குள் ஒளிந்துகொண்டிருக்கும் சர்க்யூட் பலகை. இந்த ஜாதிக்கு 'எம்பெடட்' என்று பெயர். இவற்றில் பலவற்றின் உள்ளே ஓடுவது லினக்ஸ். 1991-ல் ஹெல்சிங்கியில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்கிற 21 வயது மாணவர் எழுத ஆரம்பித்த அதே லினக்ஸ்தான். உங்கள் சட்டைப் பையில் ஆண்ட்ராய்டு போன் இருந்தால் அதன் அடிவயிற்றிலும் அதுதான்.

சரி, பலகை எதற்காகத் தூங்கவேண்டும்? அதுவும் சம்பளம் வாங்குகிறதா என்ன?

ஒரு ஆற்றங்கரையைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். கரையில் ஒரு கம்பம். கம்பத்தில் ஒரு பெட்டி. உள்ளே நம் பலகை. வெள்ளம் ஒரு மட்டத்துக்கு மேல் ஏறினால் ஊருக்குச் செய்தி அனுப்பவேண்டும். அவ்வளவுதான் உத்தியோகம். பக்கத்தில் கரன்ட் கிடையாது. 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பாட்டரி ஒன்று வைத்திருக்கிறோம். 12-ஐ 7-ஆல் பெருக்கினால் 84 வாட்-மணி. பலகை விழித்திருக்கும்போது சுமார் 2 வாட் சாப்பிடும் என்றால், 42 மணி நேரத்தில் பாட்டரி காலி. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு மாட்டிவிட்டு வந்தால், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மண்டையைப் போட்டுவிடும். வெள்ளம் திங்கட்கிழமை வந்தால்? ஊரில் யாருக்கும் தகவல் போகாது.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த 42 மணி நேரமும் பலகை உருப்படியாக எதுவும் செய்யவில்லை. கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டு தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தது. இதையே தூங்கவைத்து, செலவை பத்தில் ஒரு பங்காகக் குறைத்தோம் என்று வைத்துக்கொள்வோம். அதே பாட்டரி 420 மணி நேரம் வரும். அதாவது, பதினேழரை நாள். தூக்கத்துக்கு இவ்வளவு மரியாதை வேறெந்த உத்தியோகத்திலும் கிடையாது.

ஆக, தூங்கட்டும். ஆனால், தண்ணீர் ஏறினால் எழுந்தாகவேண்டும். அதற்கு ஒரு மிதவை ஸ்விட்ச் போதும். மாடித் தொட்டியில் பார்த்திருப்பீர்கள். தண்ணீர் ஏறினால் மிதவையும் ஏறும், உள்ளே இரண்டு ஒயர்கள் தொட்டுக்கொள்ளும். அந்த ஒயர்களில் ஒன்றை பலகையின் ஒரு காலில் மாட்டிவிடவேண்டும். புஸ்தகத்தில் 'பின்' என்று போட்டிருப்பார்கள். உள்ளே சேதி வாங்கவோ வெளியே சேதி அனுப்பவோ, நாம் சொன்னபடி கேட்கிற பொதுக் கால்களுக்கு 'ஜி.பி.ஐ.ஓ.' என்று பெயர்.

ஒயரை மாட்டியாயிற்று, தண்ணீர் வந்தால் எழுந்துவிடும். கதை முடிந்தது என்று எழுந்து போய்விடாதீர்கள். கதையே இனிமேல்தான்.

* * *

லினக்ஸில் தூக்கம் பல தினுசு. நமக்கு வேண்டியவை இரண்டு.

ஒன்று, 'ஃப்ரீஸ்'. புரோகிராம்களை எல்லாம் அப்படியே உறையவைத்து, சுற்றியுள்ள சாதனங்களைச் சும்மா இருக்கச் சொல்லிவிட்டு, பிராசஸர் கண்ணை மூடிக்கொள்ளும். ஆனால், அதற்கு உயிர்ச்சக்தி போய்க்கொண்டுதான் இருக்கும். லேசாகத் தட்டினாலும் எழுந்துவிடும். சுருக்கமாகச் சொன்னால், ஆபீஸ் தூக்கம். நடிப்பு. எழுப்புவது சுலபம், ஆனால் மிச்சமாவதும் கம்மி.

இரண்டாவது, 'மெம்'. '/சிஸ்/பவர்/ஸ்டேட்' என்கிற ஃபைலில் எம், ஈ, எம் என்று மூன்றே எழுத்து எழுதவேண்டியது. உடனே வரிசையாகக் காரியங்கள் நடக்கும். எழுதி முடிக்காமல் பாக்கி இருக்கிற விவரங்களை டிஸ்க்கில் எழுதிவிடும். ஓடுகிற புரோகிராம்களை உறையவைக்கும். பிறகு ஒவ்வொரு சாதனத்தின் டிரைவரையும் கூப்பிட்டு, 'உன் கடையைக் கட்டு' என்று சொல்லும். ஒன்றுக்கு மேற்பட்ட பிராசஸர் இருந்தால் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை அனுப்பிவிடும். கடைசியில் மெமரியைப் பார்த்து, 'உன்னிடம் இருப்பதை நீயே பத்திரமாகப் பார்த்துக்கொள்' என்று சொல்லிவிட்டு, பிராசஸர் படுத்துவிடும். கரன்ட்டே நிறுத்தப்பட்டுவிடும். எழுந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடங்கும், முதலிலிருந்து ஆரம்பிக்கத் தேவையில்லை. அதுதான் சௌகரியம்.

இது நிஜமான தூக்கம். இங்கேதான் சிக்கல். பிராசஸருக்கு கரன்ட் இல்லை. கரன்ட் இல்லாத பிராசஸரின் காதில் யார் போய் 'எழுந்திரு' என்று கத்துவது? கத்தினால்தான் கேட்குமா?

பதில் ரொம்ப எளிமை. எழுந்திருப்பது தூங்குகிறவன் வேலையே இல்லை. தூங்காத ஒருத்தன் வேலை.

பேச்சிலர் மேன்ஷனில் தங்கியிருக்கிற வாசகர்களுக்கு இது உடனே புரியும். ராத்திரி டி.வி. ஆஃப் ஆகும், ஒவ்வொரு ரூமாக விளக்கு அணையும், சீட்டுக் கச்சேரி கலையும். ஆனாலும் கேட்டில் ஒரே ஒரு பல்பு எரியும். அதன் கீழே ஒரு வாட்ச்மேன் தாத்தா. அவருக்குப் பெரிய படிப்பு, பெரிய சம்பளம் எதுவும் கிடையாது. ஆனால், அவர் விழித்திருப்பதால்தான் மற்ற நாற்பது பேர் குறட்டை விட முடிகிறது.

எல்லாச் சிப்புக்குள்ளும் இப்படி ஒரு தாத்தா ஏதோ ஒரு ரூபத்தில் உண்டு. ஆனால், ஒரு பலகையில் அவரைத் தனி ஆளாகவே பார்க்கலாம். அதன் பெயர் பீகிள்போன் பிளாக். 2013-ல் வெளிவந்தது. அதில் இருப்பது டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் ஏ.எம்.335எக்ஸ் வகைச் சிப். லினக்ஸ் ஓடுவது அதிலுள்ள 'கார்டெக்ஸ் ஏ8' பிராசஸரில். ஒரு கிகாஹெர்ட்ஸ் வேகம், பெரிய மனுஷன். அதே சிப்பின் மூலையில் 'கார்டெக்ஸ் எம்3' என்று இன்னொரு குட்டி பிராசஸர். இதுதான் தாத்தா. பெரிய மனுஷன் 'நான் படுக்கிறேன்' என்றதும், அவர் ரூமுக்கு ஃப்யூஸைப் பிடுங்குவது இதன் வேலை. யாராவது கதவைத் தட்டினால் ஃப்யூஸைத் திரும்பப் போட்டு அவரை எழுப்புவதும் இதன் வேலை. தாத்தாவுக்கென்று ஒரு சின்ன புரோகிராம் உண்டு. பலகை ஆரம்பிக்கும்போது லினக்ஸ்தான் அதை ஏற்றிவைக்கவேண்டும். அந்த ஃபைல் இல்லையென்றால் தாத்தா லீவு. தாத்தா லீவென்றால் இந்த ஆழ்ந்த தூக்கத்துக்கே வழியில்லை.

* * *

இப்போது கால்களுக்கு வருவோம். இந்தச் சிப்பில் ஜி.பி.ஐ.ஓ. கால்களை 32, 32-ஆக நான்கு 'பாங்க்' பிரித்திருக்கிறார்கள். (லோனெல்லாம் கிடைக்காது.) நம்பர் 0, 1, 2, 3. இதில் பூஜ்யம் நம்பர் பாங்க் மட்டும்தான் தாத்தாவின் பல்பு எரிகிற பகுதியில் இருக்கிறது. மற்ற மூன்றும் ராத்திரி மெயின் ஆஃப் ஆகிற பகுதி. ஆழ்ந்த தூக்கத்தில் அந்த மூன்று பாங்க்கின் கால்களில் நீங்கள் மிதவையை மாட்டினாலும் சரி, இடியையே இறக்கினாலும் சரி, தாத்தாவுக்குச் சேதி போகாது.

"யாருப்பா அது, இந்நேரத்துல?"

"நான்தான் தாத்தா. எட்டாம் நம்பர் ரூம்ல என் ஃபிரெண்டு இருக்கான். அவசரம். கொஞ்சம் எழுப்பி விடுங்க."

"எட்டாம் நம்பருக்கு பெல் கிடையாதுப்பா."

"என்ன தாத்தா, மத்தியானம் அடிச்சேனே, கேட்டுச்சே!"

"மத்தியானம் மெயின் இருந்துச்சு, கேட்டுச்சு. இப்ப ஆஃப். கேட் லைன்ல இருக்கற மூணு ரூமுக்குத்தான் பெல் அடிக்கும்."

"ரொம்ப அவசரம் தாத்தா!"

"உன் அவசரம் ஒயருக்குத் தெரியுமா?"

பீகிள்போனில் வெளியே ஒயர் மாட்ட பி8, பி9 என்று இரண்டு வரிசைகள். ஒவ்வொன்றிலும் 46 துளைகள். பி9 வரிசையில் 11-ம் துளையும் 12-ம் துளையும் எதிரும் புதிருமாக, ஒட்டிக்கொண்டு இருக்கும். 11-ம் துளை பூஜ்யம் நம்பர் பாங்க்கின் 30-வது கால். 12-ம் துளை ஒன்றாம் நம்பர் பாங்க்கின் 28-வது கால். இரண்டுக்கும் நடுவே உள்ள தூரம் இரண்டரை மில்லி மீட்டர்தான். மிதவையை 11-ல் மாட்டினால் ஊருக்குத் தகவல் போகும். 12-ல் மாட்டினால் போகாது.

பொல்லாத விஷயம் என்னவென்றால், பலகை விழித்திருக்கும்போது சோதித்துப் பார்த்தால் இரண்டும் ஒழுங்காக வேலை செய்யும். ஸ்விட்சை அழுத்தினால் 'அழுத்தினாய்' என்று சமர்த்தாகச் சொல்லும். 'எல்லாம் ஓ.கே. சார்' என்று ரிப்போர்ட் எழுதிக் கையெழுத்தும் போட்டுவிடலாம். எழுப்புகிற காலைத் தூங்கவைத்துத்தான் சோதிக்கவேண்டும். ராத்திரி வேலைக்கு வருகிறவனைப் பகலில் இன்டர்வியூ செய்து என்ன பிரயோஜனம்?

* * *

சரியான காலில் மாட்டிவிட்டோம். இனியாவது எழுமா? ம்ஹூம். லினக்ஸுக்கு எழுத்துபூர்வமாகத் தெரிவிக்கவேண்டும். அரசாங்க ஆபீஸ் மாதிரிதான்.

ஒவ்வொரு பலகைக்கும் 'டிவைஸ் ட்ரீ' என்று ஒரு குறிப்பு உண்டு. குடும்பத்தில் யார் யார் இருக்கிறார்கள், எங்கே இருக்கிறார்கள் என்று சொல்கிற ரேஷன் கார்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் 'ஜி.பி.ஐ.ஓ.-கீஸ்' என்கிற தலைப்பில் நம் மிதவையைச் சேர்க்கவேண்டும். லினக்ஸ் அதை கீபோர்டில் உள்ள ஒரு பட்டன் மாதிரியே நடத்தும். எந்தப் பட்டன்? 143 என்று ஒரு நம்பர் கொடுத்தால் 'எழுந்திரு' பட்டன். 116 என்றால் பவர் பட்டன். அதோடு 'வேக்கப்-சோர்ஸ்' என்று ஒரு வார்த்தை சேர்க்கவேண்டும். இந்த ஒரு வார்த்தைதான் மொத்த உத்தரவும். 'தூங்கும்போது என்னை எழுப்ப இந்தக் காலுக்கு அதிகாரம் உண்டு' என்று அர்த்தம். இது இல்லாவிட்டால் அது வெறும் பகல் நேரப் பட்டன். லினக்ஸ் தூங்கப் போகும்போது அதற்கும் விளக்கை அணைத்துவிட்டுப் போய்விடும்.

இன்னொன்று. இந்தச் சிப்பின் கால்கள் பல வேஷம் கட்டும். நம் 11-ம் துளைக்கே சீரியல் போர்ட் வேஷமும் உண்டு. 'இன்றைக்கு உனக்கு ஜி.பி.ஐ.ஓ. வேஷம்' என்று முன்கூட்டியே சொல்லாவிட்டால், ராமன் வரவேண்டிய இடத்தில் சூர்ப்பணகை வந்து நிற்பாள்.

அடுத்தது ஒயர். மிதவை தொடாதபோது கால் அந்தரத்தில் தொங்கினால், அது பூஜ்யமா ஒன்றா என்று அதற்கே தெரியாது. பக்கத்து மோட்டார் ஓடினால் சிலிர்க்கும், கை கிட்டே போனால் துள்ளும், ஒவ்வொரு துள்ளலுக்கும் பலகை எழுந்து உட்கார்ந்து 'கூப்பிட்டீங்களா?' என்று கேட்கும். அதனால் ஒரு 10 கிலோ ஓம் ரெஸிஸ்டரை வைத்து அந்தக் காலை 3.3 வோல்ட்டில் கட்டிப்போடவேண்டும். மிதவை தொட்டால் கால் கிரவுண்டுக்கு இறங்கும். இறங்கினால் வெள்ளம். இதற்கு மேல் குழப்பமே இல்லை. 3.3 வோல்ட் என்பதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். தாராள மனசுடன் 5 வோல்ட் கொடுத்தால் சிப்பே போய்விடலாம். பிறகு எழுப்ப வேண்டிய அவசியமே இராது.

ஸ்விட்ச் தொடும்போது ஒரே தொடலாகத் தொடாது, சில மில்லி செகண்டுக்கு டகடகவென்று அதிரும். விழித்திருக்கும்போது லினக்ஸ் இதைச் சமாளிக்கும். நாம் வேறு ஒன்றும் சொல்லாவிட்டால் 5 மில்லி செகண்ட் பொறுத்துப் பார்க்கும். ஆனால், தூக்கத்தில் பொறுத்துப் பார்க்க ஆளேது? முதல் தட்டலுக்கே தாத்தா எழுப்பிவிடுவார். ஆற்றில் ஒரு அலை வந்து மிதவையை ஆட்டினாலும் போச்சு. ஒரு சின்ன கபாஸிட்டர் போட்டு குட்டி ஆட்டங்களை வடிகட்டலாம். எழுந்தபிறகு, 'நிஜமாகவே தண்ணீர் ஏறியிருக்கிறதா?' என்று இரண்டாம் தடவை பார்த்து, இல்லையென்றால் மறுபடி படுத்துவிடும்படி புரோகிராமில் எழுதலாம். எழாமல் போனால் ஒரு ஆபத்து. அடிக்கடி எழுந்தால் இன்னொரு ஆபத்து. அந்தப் பதினேழரை நாள் கணக்கு இரண்டே நாளில் சந்தி சிரித்துவிடும்.

* * *

இவ்வளவும் செய்தபிறகு ஒரே ஒரு ஓட்டை பாக்கி. பலகை தூங்கிக்கொண்டிருக்கும்போது தட்டினால் தாத்தா பார்த்துக்கொள்வார். விழித்திருக்கும்போது தட்டினால் லினக்ஸ் பார்த்துக்கொள்ளும். பாயை விரித்து, தலையணையைப் போட்டு, பாதி சாய்ந்திருக்கும் அந்த ஒரு கணத்தில் தட்டினால்? லினக்ஸ் 'தூங்கப்போகிறேனே' என்று விட்டுவிடலாம். தட்டியவர் 'சொல்லியாயிற்றே' என்று போய்விடலாம். சேதி நடுவில் அம்போ.

இது கற்பனைப் பயமில்லை. 2008-ல் முதல் ஆண்ட்ராய்டு போன் விற்பனைக்கு வந்தபோதே அவர்கள் இதற்கு 'வேக்லாக்' என்று ஒரு வைத்தியம் வைத்திருந்தார்கள். முக்கியமான வேலை இருப்பவர் ஒரு பூட்டைக் கையில் வைத்துக்கொள்வார், அவர் விடும்வரை போன் தூங்காது. லினக்ஸ்காரர்களுக்கு இந்த வைத்தியம் பிடிக்கவில்லை. நீண்ட சண்டை. கடைசியில் 2010-ல் வந்த 2.6.36 பதிப்பில், பவர் சமாசாரங்களைப் பார்த்துக்கொள்ளும் ரஃபேல் விசோக்கி வேறொரு வழி கொண்டுவந்தார். 'வேக்கப் கவுன்ட்' என்று ஒரு எண்ணிக்கை. தூங்குவதற்கு முன் அதைப் படித்துக்கொள்ளவேண்டும். வேலையெல்லாம் முடிந்தபிறகு அதே எண்ணைத் திரும்ப எழுதவேண்டும். நடுவில் யாராவது தட்டியிருந்தால் எண் மாறியிருக்கும். 'கணக்கு உதைக்கிறது' என்று லினக்ஸ் எழுத மறுத்துவிடும். தூக்கம் ரத்து. 2012-ல் வந்த 3.5 பதிப்பில் ஆண்ட்ராய்டு பாணிப் பூட்டுக்கும் லினக்ஸில் ஒரு இடம் ஒதுக்கினார்கள். சண்டை போட்டவர்கள் சம்பந்தியாகிவிட்டார்கள்.

ராஸ்பெர்ரி பை வைத்திருக்கிற பொறுமைசாலிகள், 'எங்களுடையதிலும் 5-ம் காலையும் 6-ம் காலையும் தொட்டால் எழுந்துவிடுமே' என்று கேட்கலாம். எழும். ஆனால், பை 4 வரைக்கும் அந்தப் பலகைகளில் 'மெம்' தூக்கமே கிடையாது. முழுவதும் நிறுத்தியபிறகு அந்தக் காலை கிரவுண்டில் தொட்டால், முதலிலிருந்து ஆரம்பிக்கும். அதற்குப் பெயர் தூங்கி எழுவது இல்லை, மறுபிறவி. போன ஜென்மத்து ஞாபகம் இருக்காது.

கடைசியாக, ஆற்றங்கரைப் பெட்டி செய்ய நினைக்கும் இளைஞர்களுக்கு மூன்று யோசனை.

எழுப்ப ஒரே ஒரு ஆளை நம்பாதீர்கள். மிதவையில் பாசி பிடிக்கலாம், ஒயரை எலி கடிக்கலாம். காலோடு கூட கடிகார அலாரமும் வையுங்கள். லினக்ஸில் 'ஆர்.டி.சி.வேக்' என்று ஒரு கட்டளை இருக்கிறது. தினம் ஒரு தடவை எழுந்து, 'நான் உயிரோடு இருக்கிறேன்' என்று ஊருக்கு ஒரு வரி அனுப்பிவிட்டுப் படுக்கட்டும். அந்த வரி வராத நாளில் ஆளை அனுப்பிப் பாருங்கள்.

எழுந்ததும், 'என்னை எழுப்பியது யார்?' என்று கேட்டு எழுதிவைக்கச் சொல்லுங்கள். '/சிஸ்/பவர்/பி.எம். வேக்கப் ஐ.ஆர்.கியூ.' என்கிற ஃபைலில் எழுப்பியவரின் நம்பர் கிடைக்கும். பாட்டரி சீக்கிரம் தீர்ந்தால் குற்றவாளியைப் பிடிக்க இதுதான் துப்பு.

மூன்றாவது, தூங்கவைப்பதற்கு முன் ஒத்திகை பாருங்கள். '/சிஸ்/பவர்/பி.எம். டெஸ்ட்' என்று ஒரு வசதி உண்டு. பாதி வழி வரை தூங்கப் போய், ஐந்து செகண்ட் இருந்துவிட்டுத் தானாகத் திரும்பிவிடும். எந்தப் படியில் தடுக்கி விழுகிறது என்று தெரிந்துவிடும். இது எழுப்பும் காலுக்கான சோதனை இல்லை. அதற்கு நிஜமாகவே தூங்கவைத்து, மிதவையைக் கையால் தூக்கிப் பார்த்தாகவேண்டும். நூறு தடவை.

இதையெல்லாம் படித்துவிட்டு, தூங்குகிற பலகையின் சாமர்த்தியத்தை மெச்சாதீர்கள். தூங்குவது யாருக்கும் வரும். எல்லாரும் படுத்தபிறகு மிச்சமிருக்கிற அந்தக் குட்டி பிராசஸரை நினைத்துக்கொள்ளுங்கள். அதோடு, மேன்ஷன்வாசிகள் இந்தப் பொங்கலுக்கு வாட்ச்மேன் தாத்தாவுக்குக் கொடுக்கிற இனாமைக் கொஞ்சம் கூட்டிக் கொடுங்கள். எட்டாம் நம்பர்க்காரர் டபுளாகவே கொடுக்கலாம்.